சங்ககிரிக்கு வந்த சிங்கி இறால்

1

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போன வருஷம் எனக்கு எழுதியிருந்தார்: "ஏடனில் நம் பெண்கள் என்ன சமைக்கிறார்கள், எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று எழுதுங்கள், அம்மா. அரசியல் வேண்டாம்." பேரீச்சம்பழப் பாயசம், உப்புத் தண்ணீரில் வேக மறுக்கும் பருப்பு என்று இரண்டு முறை எழுதினேன். மூன்றாவதாகச் சிங்கி இறாலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அது நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. சமையலும் இதில் இருக்கிறது; வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

என் கணவர் சூசை, கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. செத்துப்போன எரிமலையின் குழிக்குள் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். அதில்தான் எங்கள் வீடு. நாலு பக்கமும் கரும்பாறை. பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஒரு மனிதரைப் பார்க்க முடியாது.

நாலைந்து மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கப்பல் சமையற்காரர் ஒருவரைச் சூசை சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். பெயர் பவுலோஸ், கொச்சிக்காரர், ஐம்பது வயதிருக்கும். வெறுங்கையோடு வரக்கூடாதென்று மீன் சந்தையில் ஈரச் சாக்கில் எதையோ கட்டி வாங்கி வந்திருந்தார். அதை என் அடுப்படித் தரையில் வைத்ததும் சாக்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எண்ணெய் போடாத கதவை யாரோ மெதுவாகத் திறந்து, பாதியில் நிறுத்தி, மறுபடி திறப்பது போன்ற சத்தம்.

என் மகள் செலினுக்கு ஒன்பது வயது. "மம்மி, அது பேசுது" என்றாள் இங்கிலீஷில்.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினோரு வருஷமாகியிருந்தது. செலின் வாளித் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றப் போனாள். "நல்ல தண்ணியில போடாதே, செத்துரும்" என்று என் வாய் தானாகச் சொன்னது. "மீசையைப் பிடிச்சா ஒடிச்சிட்டு ஓடிரும். முதுகைப் பிடி, துணி சுத்திப் பிடி."

பவுலோஸ் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

2

நாங்கள் சங்ககிரிக்காரர்கள். அப்பா ரயிலடியில் பாயிண்ட்ஸ்மேன். கோட்டை மலை வெயிலை வாங்கி எங்கள் குடியிருப்பின் மேல் கொட்டும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மீன் என்றால் மேட்டூர் அணையிலிருந்தோ காவிரியிலிருந்தோ வருவதுதான். கடலை எங்கள் வீட்டில் பார்த்தவன் என் அண்ணன் அந்தோணி ஒருவன்தான்.

அவன் கொச்சியில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிங்கி இறாலின் வாலை மட்டும் வெட்டி, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. கலியாணமாகி ஆறு மாதம். அண்ணி தெரசாவுக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. கொச்சியில் வீடு பார்த்ததும் அழைத்துப் போகிறேன் என்று அவளை எங்களோடு விட்டுப் போயிருந்தான்.

ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறிய நேரம். கொச்சிப் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் போன பிறகு, அப்பா தலையில் ஒரு மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு வந்தார். மேலே ஈரச் சாக்கு. அதிலிருந்து உப்பு வாடை சொட்டியது.

"அந்தோணி அனுப்பியிருக்கறான்" என்றார். "எனக்கு டூட்டி இருக்குது. பிரிச்சு வையுங்க." இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அம்மாதான் பிரித்தாள். சாக்குக்கு அடியில் ஆறு கிடந்தன. முழங்கை நீளம், முள்ளு முள்ளாக முதுகு, சாட்டை மாதிரி மீசை. காற்றுப் பட்டதும் கதவு திறக்கிற அந்தச் சத்தம் கூடைக்குள்ளிருந்து கிளம்பியது. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்கியது.

பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் அக்கா மோர் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்கக்கா, என்னங்க இது, தேளாட்டம்? ஊட்டுக்குள்ளயா வெக்கப் போறீங்க?"

"எம்பையன் அனுப்பியிருக்கறான் நல்லம்மா. திங்கறதுதான்" என்றாள் அம்மா.

நல்லம்மாள் மோர்ச் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

3

கூடையில் சாக்கின் மடிப்புக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஈரத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. அம்மாவுக்கும் அண்ணிக்கும் கேட்கும்படி நான் உரக்கப் படித்தேன். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"அம்மாவுக்கு. இதைப் பார்த்துப் பயப்படாதீங்க. ரோஸைப் படிக்கச் சொல்லி, அது சொல்ற மாதிரியே செய்யுங்க. முதல்ல ஒவ்வொண்ணா வாலை நீட்டிப் பாருங்க. உசுரோடு இருந்தால் சுருட்டிக்கும். சுருட்டாதது செத்தது, அதைத் தூரப் போடுங்க, ஆசைப்பட்டுச் சமைக்காதீங்க. கிணத்துத் தண்ணியில போட்டால் செத்துப் போகும், ஈரச் சாக்கிலேயே இருக்கட்டும். மீசையைப் பிடிக்காதே, ஒடிச்சிட்டு ஓடிரும். முதுகைத் துணி சுத்திப் பிடி.

"பெரிய பானையில தண்ணி கொதிக்கட்டும். உப்பு கடல் தண்ணி கணக்குக்குப் போடணும். உங்களுக்குக் கடல் தண்ணி தெரியாது. கண்ணீரைவிட நல்லாவே கரிக்கும். தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது தலை கீழாகப் போடுங்க. ஜெபமாலையில பத்துப் பத்து மணியா நாலு தடவை சொல்ற நேரம் போதும், அதுக்கு மேல விட்டால் ரப்பர். செவப்பாயிரும். எடுத்து ஆறவிட்டு, தலையையும் வாலையும் எதிரெதிரா முறுக்கினால் கழண்டு வரும். வாலுக்குள்ள கறுப்பா ஒரு நரம்பு ஓடும், இழுத்துப் போட்டிருங்க. சதையைத் துண்டாக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு தட்டிப் போட்டு நல்லெண்ணெயில ஒரே ஒரு புரட்டு. தலையை வீசாதீங்க. இங்கே கம்பெனியில வீசறாங்க. ருசி அதிலதான். ரசம் வையுங்க. தெரசாவுக்கு ஒரு முழுசு குடுக்கணும். நான் அடுத்த மாசம் வாரேன்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆறில் இரண்டு வாலைச் சுருட்டவில்லை. அவற்றைக் கொல்லைப்புறத்துக் குப்பைக் குழிக்கு அப்பால் போட்டேன். காக்கைகள் வந்து மதில் மேல் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. மற்ற நாளில் ஒரு கோழிக்குடலைப் போட்டால் அடித்துக்கொள்ளும் காக்கைகள்தான் அவை.

மீதி நாலையும் ஒவ்வொன்றாகப் பானைக்குள் விட்டேன். சத்தம் சட்டென்று நின்றது. வீடு முழுவதும் அப்படி ஓர் அமைதியை நான் பகலில் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அவன் சொன்னபடி நாங்கள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னோம். நாலு பத்து மணி. அவனுக்காக என்று யாரும் நினைக்கவில்லை. நேரம் பார்க்கத்தான் சொன்னோம்.

நான்கும் செக்கச்செவேலென்று வெந்து வந்தன. அண்ணி தன் பங்கை வாயில் வைத்துவிட்டு, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். அம்மாவும் நானும் சாப்பிட்டோம். இனிப்பாக இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா டூட்டி நடுவில் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் தந்தி இருந்தது. அந்தோணி செவ்வாய்க்கிழமை காலை படகு கவிழ்ந்து கடலில் மூழ்கினான், இரண்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை என்று கம்பெனி அனுப்பியிருந்தது.

அப்பா மூலையில் கிடந்த கூடையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பார்சல் ரசீதை எடுத்துப் பார்த்தார். அதில் புதன்கிழமை முத்திரை குத்தியிருந்தது.

4

அப்பா ரயில்வே பாஸ் எடுத்துக் கொச்சிக்குப் போனார். பார்சல் ஆபீசில் பதிவுத் தாளைக் காட்டினார்கள். கையெழுத்து அந்தோணியுடையதேதான், "ணி"யின் சுழியை அவன் போடும் விதம் அப்பாவுக்குத் தெரியும். பக்கத்தில் புதன்கிழமைத் தேதி. யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்கு அங்கிருந்தவர் மலையாளத்தில், "ஆள் தன்னே வந்நு" என்றாராம். ஆளே வந்தான் என்று அப்பா புரிந்துகொண்டார். எந்த ஆள் என்று மறுபடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. அதில் "லேட் அந்தோணி" என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரயில்வே இங்கிலீஷ்.

"பாரு, லேட்டுன்னுதான் போட்டிருக்குது" என்றார் அம்மாவிடம். "செத்தான்னு போடல. லேட்டுன்னா என்ன? வரும், நேரமாகும்."

அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டென்று எனக்குத் தெரியும். கான்வென்டில் படித்தவள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து அம்மா, அப்பா டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "இன்னிக்கு எவ்வளவு லேட்டுங்க?" என்று கேட்பாள். அப்பா பாசஞ்சர் வந்த நேரத்தைச் சொல்வார். "இருவது நிமிசம்." "முக்கா மணி." அவ்வளவுதான் பேச்சு. அண்ணி உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

மரித்தோர் பூசை வைக்க அம்மா விடவில்லை. "புதன்கிழமை கையெழுத்துப் போட்டவனுக்கு என்னத்துக்குங்க பூசை?" என்று பங்குச் சாமியாரிடமே கேட்டாள். அடுத்த வருஷம் எனக்குக் கலியாணமாகி ஏடனுக்குக் கப்பலேறினேன். அதற்குச் சில வருஷம் கழித்துச் சேலத்தில் மிஷன் அச்சாபீசில் வேலை பார்த்த ஒருவர், மனைவியை இழந்தவர், அண்ணியைக் கேட்டு வந்தார். புருஷன் இறந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது. ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இதையும் அண்ணி எனக்கு எழுதியிருந்தாள், மழை பெய்தது, பெய்யவில்லை என்று எழுதுகிற அதே தோரணையில்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா காலமானார். அம்மாவும் அண்ணியும் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் அடுப்படியுமாக இருந்த வீட்டுக்குக் குடிபோனார்கள்.

5

இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் குடும்ப விவரம் கேட்பார்கள்: உடன்பிறந்தவர் பெயர், உயிரோடு இருக்கிறாரா, எங்கே. முதல் தடவை அண்ணன் பெயரை எழுதி, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "காலியாக விடக்கூடாது. இருக்கிறார் அல்லது இல்லை." சூசை என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அண்ணன் பெயரையே அடித்துவிட்டார். அன்றிலிருந்து ஏடன் சர்க்கார் கணக்கில் நான் தனிப்பிள்ளை.

செலினுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச மாட்டாள். தெருவில் இந்துஸ்தானியும் அரபியும், பள்ளியில் இங்கிலீஷ். ஒருநாள் என் பெட்டியில் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டாள். மாமா என்றேன். எங்கே இருக்கிறார் என்றாள். கொச்சியில் என்று சொல்லி வைத்தேன். அவள் அதை நம்பிவிட்டாள். சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்று பார்த்தேன்.

6

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று பவுலோஸ் கேட்டார் என்று எழுதினேன் அல்லவா.

"எங்கண்ணன் கடிதத்தில் எழுதினது" என்றேன். "கொச்சியில வேலை பார்த்தான்."

அவர் சாக்கின் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "ஸ்டேஷன் சங்ககிரி துர்க்கமா?" என்று கேட்டார்.

சூசை நாற்காலியை இழுத்துப் போட்டார். பவுலோஸ் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார், கப்பலில் பழகிய தமிழில்.

"மீசையைப் பிடிக்காதேன்னு ஐஸ் கம்பெனியில அந்தோணிக்குச் சொன்னது நான். முதல் நாள் அவன் கையெல்லாம் ரத்தம். திங்கக்கிழமை சாயங்காலமே கூடை கட்டி, கடிதம் எழுதி, பார்சல் தாளெல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வச்சான். செவ்வாய் காலையில சரக்கு எடுக்கப் படகில போனோம், வந்ததும் பதியலாம்னு. அழிமுகத்தில, காயல் கடலைச் சேர்ற இடத்தில, படகு கவிழ்ந்தது. நான் மேலே வந்தேன். அவன் வலைக்குள்ள மாட்டிக்கிட்டான். அவன் கை என் கையில இருந்தது. அப்புறம் இல்லை."

அடுப்படியில் அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"செவ்வாய் பூரா தேடினோம். புதன்கிழமை நாங்க ரெண்டு பேரும் தங்கின அறைக்குப் போனேன். கூடை அங்கேயே இருந்தது. சாக்குக்குள்ள அதுங்க உயிரோடு சத்தம் போடுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. சாக்கை நனைச்சு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அவன் தாளையே நீட்டினேன். தேதி மட்டும் அவங்க போட்டாங்க. எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால மலையாளத்தில ஒரு துண்டு எழுதி அவன் கடிதத்துக்குப் பின்னால வச்சேன். நடந்தது எல்லாம் அதில இருக்கு. யாராவது படிச்சுச் சொல்லியிருப்பாங்க இல்லையா?"

அவர் விபத்துக்கு அடுத்த மாதமே பம்பாய்க்குப் போய்க் கப்பலில் சேர்ந்துவிட்டாராம். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

அன்று அந்த இறாலை யாரும் சமைக்கவில்லை. செலினைக் கூட்டிக்கொண்டு சூசை அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தார்.

7

நடந்ததைப் பவுலோஸ் மலையாளத்தில் சொல்ல, துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு கொச்சிக்காரர் இங்கிலீஷில் எழுத, இங்குள்ள பங்குச் சாமியார் சாட்சிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். அதைச் சங்ககிரிப் பங்குக் கோயிலுக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. சாமியார் நடுப்பகலில் வீட்டுக்கு வந்து, அம்மாவையும் அண்ணியையும் உட்காரவைத்து, அத்தாட்சியைத் தமிழில் சொல்லியிருக்கிறார். அம்மா முழுவதையும் கேட்டாளாம். அழவில்லையாம். எழுந்து போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து வந்து சாமியார் முன்னால் வைத்தாளாம்.

"இதுல இருக்கறதுதானுங்க சாமி. புதுசா ஒண்ணுமில்லீங்க."

"எப்பலேருந்தும்மா உங்களுக்குத் தெரியும்?"

"கூடை வந்து மூணு வாரத்துலருந்துங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரியில ஒரு மலையாளத்து நர்சம்மா படிச்சுச் சொல்லுச்சுங்க."

"அவருக்குத் தெரியுமா, உங்க வீட்டுக்காரருக்கு?"

"தெரியாதுங்க. அவரு லேட்டுன்னு நம்பித்தான் கண்ணை மூடினாரு."

"ஏம்மா சொல்லலை?"

அம்மா அண்ணியைப் பார்க்காமல் சொன்னாளாம்: "சொன்னா இந்தப் புள்ள அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருமில்லீங்களா. அவன் போய்ட்டான். இவளையும் உடறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

இதையெல்லாம் எழுதிவிட்டு, அண்ணி கடைசியில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

8

மேலே மூன்றாம் பகுதியில் ஒன்றை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் கடிதத்தைப் பிரித்தபோது அதன் பின்னால் இன்னொரு சின்னக் காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. உருண்டை உருண்டையான எழுத்து, தமிழ் இல்லை. அம்மா அதை என் விரலிலிருந்து உரித்தெடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணி அப்போது அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் கழித்துக் கண் வலி என்று சொல்லி அம்மா ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவள் முகம் கழுவி, விளக்கேற்றி, அப்பா வந்ததும் வாசலில் நின்று கேட்டாள்: "இன்னிக்கு எவ்வளவு லேட்டுங்க?" நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருஷம் எனக்கு ஏடன் மாப்பிள்ளை வந்தபோது, வயதான காலத்தில் பெற்றவர்களை யார் பார்ப்பார்கள் என்று பங்கில் எல்லோரும் கேட்டார்கள். அண்ணி இருக்கிறாளே என்று சொன்னவள் நான்தான்.

அதையெல்லாம் அப்படியே அண்ணிக்கு எழுதினேன். துண்டில் என்ன இருந்ததென்று தெரியாது என்று ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியும். மரித்தோர் பூசை நடந்ததா, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

போன வாரம் பதில் வந்தது. பத்து வருஷமாக அண்ணியின் கடிதங்கள் "அன்புள்ள நாத்தனாருக்கு" என்றுதான் தொடங்கும். இது அப்படித் தொடங்கவில்லை. முழுவதையும் கீழே தருகிறேன்.

"ரோஸ் அவர்களுக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. பூசை நடந்தது. அவர் பெயரைச் சொல்லி மணி அடித்தார்கள். நான் சேலத்தில் கன்னியர் நடத்தும் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் உங்கள் அம்மா மட்டும்தான் இருக்கிறார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி, சாயங்காலம் தைலத்தைச் சூடாக்கித் தேய்க்க வேண்டும். இடது காலை அழுத்தக்கூடாது. சோறு குழைந்திருக்க வேண்டும், மிளகாய் ஆகாது. தானாகக் கேட்க மாட்டார், தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே மூடி வைத்துவிடுவார். கிணற்றடிக்குத் தனியாக விடக்கூடாது. அப்பா செத்த பிறகும் பாசஞ்சர் வரும் சமயம் வாசலில் போய் நிற்கிறார்; ஏதாவது ஒரு நிமிஷக் கணக்குச் சொன்னால் உள்ளே வந்துவிடுவார். இத்தனை நாள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாவியை நல்லம்மாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வரும்வரை அவர் இரண்டு வேளை சோறு கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார். சீக்கிரம் வாருங்கள். இப்படிக்கு, தெரசா."